விஞ்ஞானப் பெரியார் ஜகதீச சந்திர போஸ்

செல்வந் தேடுவார் உலகிற் பலர். அறிவு தேடுவார் சிலர். தேடிய அறிவைத் தமக்கென முடிந்து கொள்ளாது உலகிற்கென விடுத்தார் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் வங்கநாட்டுப் பெரியாராகிய ஸர் ஜகதீச சந்திர போஸ் ஆவர். செடி கொடிகட்கும் உணர்ச்சியுண்டென ஆராய்ந்து காட்டியவர் என்னும் அளவில் இவரை நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், அவ்வாராய்ச்சியிற் புகுதற்கு முன்னரே மின்னலைகளைப் பற்றியும், அவற்றைப் பற்றியறியுங் கருவிகளைப் பற்றியும் இவர் ஆற்றிய அரும்பணியை மூத்தோருள்ளும் பலர் அறியார். இக்காலத்து வானொலிக்கும், பையிலிட்டுச் செல்லுந் தொலைபேசிக்கும் அப்பணி ஒரு முன்னோடியாகும். ஆதலின், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறியுமாறு அப்பகுதியையே சிறப்பாகக் கொண்டு இவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் வாழ்வில் இரண்டு மறுப்புக்கள் உள. ஒன்று, குறைந்த ஊதியத்தை மறுத்தது. மற்றொன்று, பெருஞ்செல்வத்தை மறுத்தது. ஒன்றற்கொன்று மாறுபட்டனபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே உள்ளத்திற் பிறந்தன என்பது, மேல்வரும் வரலாற்றால் விளங்கும்.

பிறப்பும் இளமையும்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இப்பொழுது வங்காளதேசத்துள் அடங்கிய மைமன்சிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ்; தாயார் வாமசுந்தரி அம்மையார். தந்தையார் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். பிரம சமாஜத்தைச் சார்ந்தவர். பெரிய உத்தியோகஸ்தர் மக்களெல்லாம் ஆங்கிலப் பள்ளிக்கே செல்லும் அக்காலத்தில், இவர் தம் மைந்தரைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். தம் மொழியையும் தம் மக்களையும் அறிந்த பின்னரே பிறமொழி கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பள்ளியில் போஸுக்கு ஒருபுறம் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளர் மைந்தனும், மற்றொருபுறம் மீனவர் மைந்தனும் வீற்றிருந்தனர். அவர்கள் கூறிய பறவை விலங்கு நீர்வாழ் உயிர்களின் கதைகளே இயற்கையை ஆராயும் விருப்பத்தைத் தம் உள்ளத்தில் விதைத்தன என்று போஸ் பிற்காலத்து நினைவு கூர்ந்தார். தாயாரும் அப்பிள்ளைகளுக்கும் தம் மைந்தருக்கும் வேற்றுமையின்றி உணவிட்டார். மக்களை ஒருங்கிருத்திப் பயிற்றுதலால் விளையும் நன்மைக்கு இஃது ஒரு சான்றாம்.

தந்தையார் கைத்தொழிலிற் பெருவிருப்புடையவர். பர்த்துவானில் இருந்த காலத்துப் பெற்றோரை இழந்த சிறுவர் பிழைக்குமாறு தொழிற்சாலை அமைத்தார். தேயிலைத் தோட்டம், நெசவு முதலியவற்றிலும் பொருளிட்டார். அம்முயற்சிகள் பலவும் நட்டமுற, கடன் தலைமேல் ஏறிற்று. அக்கடனே மைந்தரின் முற்பகுதி வாழ்வைக் கவிந்து நின்றது.

கல்வி

கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும், பின்னர்ப் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் போஸ் பயின்றார். அங்கே லபோன் பாதிரியார் என்னும் பௌதிக ஆசிரியர் செய்முறை காட்டிப் பாடம் புகட்டும் ஆற்றலால் இவர் உள்ளத்தைக் கவர்ந்தார். 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று மருத்துவங் கற்கத் தொடங்கினார். நோயின் மிகுதியால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். ஆண்டு ரேலே பிரபு இவர்க்கு ஆசிரியராயினர். 1884-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ், லண்டன் என்னும் இரு சர்வகலாசாலைகளின் பட்டமும் பெற்று, மறு ஆண்டு தாய்நாடு மீண்டார்.

முதல் மறுப்பு

1885-ஆம் ஆண்டில் கல்கத்தா ராஜதானிக் கல்லூரியில் இவர் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். அக்காலத்து ஒரே வேலைக்கு ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியர்க்கு உரியதென வரையறுத்திருந்தனர். இவரோ தற்காலிக ஆசிரியர் என்பதனால் அதிலும் பாதி, அஃதாவது மூன்றில் ஒரு பங்கே தருவதாயிற்று. போஸ் வாதாடிப் பார்த்தார், பயனில்லை. உடனே வேலையை விடுத்தாரல்லர், கூச்சலிட்டாரும் அல்லர். நாடோறுங் கல்லூரிக்குச் சென்று, ஒரு குறையுமின்றிப் பாடம் நடாத்தி, திங்கள் இறுதியில் ஊதியத்தைத் தொடாதே திரும்பினார். இங்ஙனம் மூன்று ஆண்டுகள் கழிந்தன.

அன்பர்களே, இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். தந்தையாரோ கடன்பட்டவர்; குலச்சொத்தோ விலைபோயிற்று; 1887-ஆம் ஆண்டில் அபலாதேவியாரை மணந்து இல்லறமும் தொடங்கியாயிற்று. கல்கத்தாவிற் குடியிருக்கப் பொருள் போதாமையால் ஆற்றின் மறுகரையில் சந்திரநகரில் வாழ்ந்தனர். நாடோறும் தோணியில் ஆற்றைக் கடந்து போஸ் கல்லூரிக்குச் செல்வார். தோணியை மீட்டுச் செல்பவர் அம்மையாரே. கணவர் கொள்கைக்காகப் பட்ட வறுமையை முகங்கோணாது பகிர்ந்துகொண்ட இவ்வம்மையார் நம் சென்னைக்கும் ஒருவாறு உரியவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்காமையால், 1882-ஆம் ஆண்டில் இவர் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் அதனை முடிக்கலாகாது மீண்டார். பிற்காலத்தில் வங்கப் பெண்கல்விக்குப் பெருந்தொண்டு புரிந்தவரும் இவரே.

மூன்றாம் ஆண்டின் முடிவில் மேலதிகாரிகள் இவர் திறத்தையும் உறுதியையும் உணர்ந்து, நிலையான பதவியும் முழு ஊதியமும் முன்தேதியிட்டு அளித்தனர். ஒருசேரக் கிடைத்த அப்பொருள் முழுதும் தந்தையாரின் கடனுக்கே சென்றது.

மின்னலை ஆராய்ச்சி

ஒளியும் மின்காந்த அலையும் ஒரே இனத்தன என்று மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணிதத்தால் நிறுவினார். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் அவ்வலைகளைச் செயலிற் பிறப்பித்துக் காட்டினார். ஆனால் அவர் பிறப்பித்த அலைகள் நீளமானவை. அலை நீளுந்தோறும் அதனைத் திருப்பும் ஆடியும் முப்பட்டகமும் பெரிதாதல் வேண்டும். ஹெர்ட்ஸின் கருவிகள் ஓரறை முழுதும் நிரம்பின.

1894-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியிற் புகுந்த போஸ், அலையைக் குறுக்கினால் கருவியுங் குறுகும் என்பதை உணர்ந்தார். 5 மில்லிமீட்டர் அளவு குறுகிய அலைகளையும் பிறப்பித்தார். ஒளி நூலார் ஒளியை வைத்து ஆராயும் பிரதிபலிப்பு, விலகல், முனைவாக்கம் என்னும் இயல்புகளையெல்லாம் ஒரு மேசையின்மேல் மின்னலைகளை வைத்து ஆராய்ந்து காட்டினார்.

இவ்வளவும் எங்கே நிகழ்ந்தன எனின், கல்லூரியிற் குளியலறையை அடுத்திருந்த ஒரு சிற்றறையில் என்க. இவர்க்கு ஆராய்ச்சிக்கூடமும் இல்லை. பொருளுதவியும் முதலில் இல்லை. எழுத்தறியாத தகரவேலைக்காரர் ஒருவரைத் தாமே பழக்கி, வேண்டுங் கருவிகளைச் செய்வித்துக் கொண்டார். அலைகளைச் சேர்த்தளிக்கும் புனல் போன்ற வாயும், அவற்றைச் செலுத்தும் உலோகக் குழாயும் அங்குச் செய்யப்பட்டவையே. இன்றுங் குற்றலைப் பொறிகளில் அவ்வுறுப்புக்கள் பயில்கின்றன. அலையின் முனைவாக்கத்தை ஆராயப் புத்தகத்தின் ஏடுகளிடையே உலோகத் தாளைச் செருகி அதனையே கருவியாக்கினார். சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்புமாறுபோல மின்னலையின் தளத்தைத் திருப்புதற்கு, முறுக்கிய சணல் கத்தைகளைப் பயன்படுத்தினார். வங்கநாட்டு வயலில் விளையும் சணல் விஞ்ஞானக் கருவியாயிற்று! பொருளின்மை ஆராய்ச்சிக்குத் தடையென்பார் இவ்விடத்தைச் சற்றே சிந்திப்பாராக.

அலையைப் பிறப்பித்தலினும் அதனை உணர்தலே அரிது. அக்காலத்தார் கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூளை நிரப்பி அதனால் அலையை உணர்ந்தனர். வங்கத்தின் ஈரக்காற்றில் அத்தூள் விரைவில் கெட்டது. ஆதலின் போஸ் தூளை நீக்கி, நுண்ணிய எஃகுச் சுருள்களை வரிசையாக வைத்து உறுதியான கருவி கண்டார். அதன்மேல் இரும்பும் பாதரசமும் தொலைபேசியுஞ் சேர்ந்த மற்றொன்றையும் கண்டு 1899-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஏறக்குறைய 1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகரமண்டபத்தில் பலர் காணத் தம் திறத்தை இவர் காட்டினார். கம்பியின் தொடர்பின்றிச் சுவர்களையும் இடையிலிருந்த மனிதருடம்பையும் ஊடுருவிச் சென்ற மின்னலை, அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்து வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. 1896-ஆம் ஆண்டில் லண்டன் சர்வகலாசாலை இவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1897-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அறிஞர் அவைமுன் இவர் சொற்பொழிவாற்றினார்.

இரண்டாம் மறுப்பு

அக்கால விஞ்ஞானிகள் பலரும் தாம் கண்ட பொறிக்குப் பேடண்ட் என்னும் தனியுரிமைச் சாசனம் பெறுவர். அதனால் வேறெவரும் அப்பொறியை உரிமைப்பணம் இன்றிச் செய்யலாகாது. இளைஞராகிய மார்க்கோனி 1896-ஆம் ஆண்டில் அவ்வுரிமை கோரி, கம்பியில்லாத் தந்தியை வாணிகமாக வளர்த்தார். போஸோ தம் கருவியின் அமைப்பை ஒளியாது வெளியிட்டார். 1901-ஆம் ஆண்டில் லண்டனில் இருந்தபொழுது, தந்தி வாணிகச் செல்வர் ஒருவர் இவரை அணுகி, பேடண்டை ஏற்குமாறும் ஊதியத்திற் பாதி தருவதாகவும் வற்புறுத்தினார். அவ்வழியிற் புகின் மீளல் இல்லையென்று அஞ்சிய போஸ் அதனை மறுத்து, தம் நண்பர் இரவீந்திரநாத தாகூருக்கு அச்செய்தியை எழுதினார்.

ஆயினும் ஒரு பேடண்ட் இவர் பெயரால் உளது. கலீனா என்னும் ஈயக் கந்தகப் படிகத்தின்மேல் உலோகமுனை பொருந்துமாறு அமைத்து, மின்னலையையும் ஒளியையும் உணருங் கருவியொன்றை இவர் கண்டிருந்தார். ஸாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரின் வற்புறுத்தலால் 1901-ஆம் ஆண்டில் அதற்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. 1904-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் 755,840 என்னும் எண்ணுடைய பேடண்ட் வழங்கப்பெற்றது. போஸ் அதனாற் பொருளீட்ட முயலாது காலாவதியாக விட்டார்.

அப்படிகத்தின் பெருமை பின்னரே விளங்கிற்று. அத்தகைய படிகங்களின் ஊடே மின்னோட்டம் ஒருபால் எளிதாகவும் மறுபால் அரிதாகவும் செல்லுதலை பிரௌன் என்னும் ஜெர்மானியர் 1874-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அவ்வினப் பொருளை மின்னலை உணர்தற்குப் பயன்படுத்தியதும், அழுத்தத்திற்கேற்ப மின்னோட்டம் மாறுமாற்றை அளந்து கோடிட்டுக் காட்டியதும் போஸ் செய்தவை. குறைகடத்தி என்று இன்று வழங்கும் அவ்வினப் பொருளினின்றே 1947-ஆம் ஆண்டில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. அதனைக் கண்டார் மூவருள் ஒருவராகிய பிராட்டேன், பியர்ஸன் என்பாருடன் 1955-ஆம் ஆண்டில் எழுதிய வரலாற்றில், படிகத்தால் வானொலியலையை உணர்ந்த முதன்மையைப் போஸுக்கே அளித்தனர். 2012-ஆம் ஆண்டில் உலக மின்பொறியாளர் கழகமொன்று இவரது மில்லிமீட்டரலைச் சோதனைகளைத் தொழில்வரலாற்று மைல்கல்லெனச் சிறப்பித்தது.

பேடண்டை விடுத்தது பிழையென்பாரும் உளர். அப்பொருள் வந்திருப்பின் இந்திய நாட்டில் ஆராய்ச்சிக்கூடங்கள் பல எழுந்திருக்கும் என்பது அவர் கூற்று. அதனை எளிதில் தள்ளலாகாது. ஆயினும் போஸின் மனநிலையை நோக்குமின். ஊதியம் என்பது செய்த வேலைக்கு உரியது; அதனைப் பிறப்பு நோக்கிக் குறைத்தல் அநீதி; ஆதலின் ஒரு காசும் விடாது கேட்டுப் பெற்றார். இயற்கையின் உண்மையோ ஒருவர் உடைமையன்று. ஆதலின் அதற்கு விலைகொள்ளக் கூசினார். தமக்குரியதை விடாமையும் தமக்குரியதன்றெனக் கண்டதைத் தொடாமையும் ஒரே நேர்மையின் இருபுறங்களாம்.

பிற்கால வாழ்வு

மின்னலைக் கருவிகள் நெடுநேரம் உழைப்பின் தளர்ந்து, ஓய்வுற்றபின் மீள்வதைக் கண்ட போஸ், உயிருள்ளனவும் அல்லனவும் தூண்டலுக்கு ஒப்ப இயங்குமோவென ஆராயலானார். அவ்வழியே செடிகளின் ஆராய்ச்சியிற் புகுந்து, செடி வளரும் நுண்ணளவைப் பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் பொறியை அமைத்தார். இப்பகுதியில் இவர் கொண்ட முடிபுகளை உடலியலார் சிலர் கடுமையாக எதிர்த்தனர். எல்லாம் இன்றும் ஏற்கப்பட்டன என்று கூறற்கில்லை. எனினும் இவரது கருவிகளின் நுட்பத்தை உலகம் வியந்தது. 1917-ஆம் ஆண்டில் ஸர் பட்டமும், 1920-ஆம் ஆண்டில் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர் பதவியும் இவரை வந்தடைந்தன.

1915-ஆம் ஆண்டில் கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றார். தம் 59-ஆம் பிறந்த நாளாகிய 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், தாம் சேமித்த பொருளையும் அன்பர் ஈந்ததையுங் கொண்டு கல்கத்தாவிற் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அதனைக் கோயிலென்றே அவர் கருதினார். அங்குக் காணப்படும் உண்மைகள் யாவும் பொதுவுடைமையே என்றும், பேடண்ட் எடுக்கப்படமாட்டா என்றும் தொடக்கவிழாவிலேயே அறிவித்தார். குளியலறைக்கருகில் ஒதுங்கி ஆராய்ந்தவர், தமக்குப் பின்வருவார் அவ்விடர் உறாவண்ணம் கூடம் எழுப்பினார் என்க.

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில், 79 ஆண்டு நிறைவதற்கு ஒரு வாரமே இருந்தபொழுது, இப்பெரியார் உலகு நீத்தார்.

முடிவுரை

இவர் சரிதத்தால் நம் இல்லங்கள் கொள்ளத்தக்கன சில உள. பெற்றோர் தம் மக்களைத் தாய்மொழியில் வேரூன்றச் செய்தலும், எல்லாக் குடிப்பிள்ளைகளுடனும் பழக விடுதலும் ஒன்று. கையால் வேலை செய்தலை இழிவென எண்ணாமை மற்றொன்று. தகரவேலைக்காரரின் சுத்தியும் கேம்பிரிட்ஜ்ப் பட்டமும் ஒருங்கு கூடியதனாலன்றோ அக்கருவிகள் பிறந்தன! நம் சிறுவரும் சிறுமியரும் நூலறிவோடு தொழிலறிவும் பெறுவாராக. உரிய ஊதியத்தைத் தலைநிமிர்ந்து கேட்பாராக. கற்றதனை மறைக்காது பிறர்க்கு வழங்குவாராக. அதுவே இப்பெரியார்க்கு நாம் செய்யும் வழிபாடாம்.