கடலைப் பெட்டியில் பிடித்தவர்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது சேந்தமங்கலம். மலை உண்டு, வயல் உண்டு. கடல் மட்டும் கிடையாது. கிழக்கே வெகுதூரம் போனால்தான் அலையைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கும் கடலைக் கொண்டுவந்து காட்ட வழி செய்தவர் ஒருவர். அவர் பெயர் லூயி லூமியேர்.

அவரும் கடலோரத்தில் பிறந்தவர் அல்ல. பிரான்சு நாட்டில், பெசன்சோன் நகரில், 1864-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பிறந்தார். தகப்பனார் போட்டோ பிடிப்பவர். பிறகு குடும்பம் லியோன் நகருக்குப் போயிற்று. அதுவும் ஆற்றங்கரை ஊர்தான். 17 வயதிலேயே லூயி, போட்டோ பிடிக்கும் கண்ணாடித் தகட்டைச் செம்மைப்படுத்தினார். தகடு ஏராளமாக விற்றது. கையில் பணம் சேர்ந்ததும், லா சியோத்தா என்ற கடற்கரை ஊரில் தகப்பனார் மாளிகை கட்டினார்.

படகு புறப்பட்டது

1895-ல் லூயியும் அண்ணன் ஓகுஸ்தும் ஒரு பெட்டி செய்தார்கள். கையால் சுற்றினால் அது படம் பிடிக்கும். படத்தைத் திரையில் காட்டுவதும் அதே பெட்டிதான்.

அந்தப் பெட்டி லா சியோத்தா துறைமுகத்தைப் படம் பிடித்தது. மூன்று ஆண்கள் சிறு படகில் புறப்படுகிறார்கள். கரையிலே கல் மேடை மீது பெண்களும் குழந்தைகளும் நின்று பார்க்கிறார்கள். துறைமுக வாயிலைத் தாண்டியதும் அலை அடித்துப் படகைப் பக்கவாட்டில் திருப்புகிறது. ஆட்கள் துடுப்போடு போராடுகிறார்கள். அவ்வளவுதான், பிலிம் தீர்ந்துவிட்டது! முழுசாக ஒரு நிமிஷம்கூட இல்லை. படகு என்ன ஆயிற்று என்று படம் சொல்லவில்லை.

கதை இல்லை, பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. அப்படியிருந்தும் ஜனங்கள் சொக்கிப்போனார்கள். நாடகக் கொட்டகையில் கடல் என்றால் நீலத் துணி. ஆள் அசைத்தால்தான் அலை. இங்கேயோ அலைக்கு யாரும் ஒத்திகை நடத்தவில்லை.

ஒரு ரூபாய் டிக்கெட்

1895 டிசம்பர் 28-ந் தேதி பாரிசில் முதல் கட்டணக் காட்சி நடந்தது. வந்தவர்கள் 33 பேர். காட்டிய படங்கள் 10. கடைசிப் படம், சிறுவர்கள் கடலில் குதித்துக் குளிப்பது. 1896 ஜூலை 7-ந் தேதி பம்பாய் வாட்சன் ஓட்டலில் காட்டிய 6 படங்களிலும் கடல் குளியல் ஒன்று. டிக்கெட் ஒரு ரூபாய். அந்தக் காலத்து ஒரு ரூபாய் லேசானதா?

நம் பக்கத்து ஜனங்களுக்குக் காட்டியவர் திருச்சி ரெயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார்.

லூயியின் மனம் பிறகு வர்ணப் போட்டோவில் போயிற்று. 1907-ல் அதற்கான தகடும் விற்பனைக்கு வந்தது. 1948 ஜூன் 6-ந் தேதி, 83-வது வயதில் பந்தோல் என்ற ஊரில் காலமானார். அதுவும் கடற்கரை ஊர். படகு புறப்பட்ட லா சியோத்தா அங்கிருந்து அதிக தூரம் இல்லை.