விலங்கிலும் ஜெபித்த தேவசகாயம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும் நம்மவர்கள், தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். அந்த ஊரிலேயே முட்டிடிச்சான் பாறை என்று ஒரு பாறை உண்டு. அதன் சிறு குழியில் ஊறும் தண்ணீரைப் பக்தர்கள் அள்ளிச் செல்கிறார்கள். கோட்டையும் பாறையும் ஒரே மனிதரின் வாழ்க்கையோடு பிணைந்தவை. அவர்தான் தேவசகாயம்.

1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய மார்த்தாண்டத்தை அடுத்த நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அரசு அலுவலரானார். மனைவி பார்கவி அம்மாள். வசதியான வாழ்க்கை.

திடீரென்று கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது. எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று மனம் குமைந்தார். அப்போது அவருக்கு நண்பராக வாய்த்தவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் போரிட்டுச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர் படைக்கே தலைவராக உயர்ந்தவர். அவர் விவிலியத்திலுள்ள யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தும், கடவுளின் நீதியை விட்டு விலகாத மனிதரின் கதை அது. துன்பமெல்லாம் பாவத்தின் கூலியல்ல என்ற எண்ணம் நீலகண்டனின் நெஞ்சில் பதிந்தது.

1745 மே மாதம் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்பதன் தமிழ் வடிவமான தேவசகாயம் அவர் பெயராயிற்று. மனைவியும் மதம் மாறி ஞானப்பூ அம்மாள் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது பெரிய மனிதர்களின் கோபத்தைக் கிளறியது. ராஜதுரோகக் குற்றம் சுமத்தப்பட்டு, 1749 பிப்ரவரியில் கைதானார்.

பின்னர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சித்திரவதை. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மீது பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தூவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தவர் ஜெபித்துப் பாறையில் முட்டியால் இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டப்பட்டுக் கிடந்தபோதும் ஜெபம் நிற்கவில்லை. அவரைப் பார்க்க மக்கள் கூடினார்கள்.

1750 ஜனவரி 3 அன்று மகாராஜா தம் நாட்டைத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்தார். அரசர் தம் தெய்வத்தின் பாதத்தில் உடைவாளை வைத்த அந்நாளில், அவருடைய பழைய அலுவலர் தாம் நம்பிய தெய்வத்தை வேண்டியபடி விலங்கில் இருந்தார்.

அநீதியான நீதிபதியிடம் சலிக்காமல் முறையிட்டு நியாயம் பெற்ற விதவையின் உவமையை இயேசுநாதர் சொன்னார். இடைவிடாமல் ஜெபிக்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்த விதவைக்கு நியாயம் கிடைத்தது. யோபுவுக்கோ இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்பியது. தேவசகாயத்துக்கு ஒன்றும் திரும்பவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில், கடைசி ஜெபத்தை முடித்த பின் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் வீசப்பட்ட உடலின் எச்சங்களைக் கிறிஸ்தவர்கள் தேடியெடுத்து, கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

அவர் மதத்துக்காக இறந்தாரா, அரசியலுக்காகவா என்று வாதிட்டவர்கள் உண்டு. திருச்சபை அவரை மறைசாட்சியாக ஏற்றது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராகவும் அறிவித்தது. இல்லற வாழ்வினரில் இந்தியாவின் முதல் புனிதர் அவரே.

தீர்ப்பு வர 270 ஆண்டுகள் ஆயின. ஆனால் தீர்ப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. நீதி கடவுளிடம் இருக்கிறது என்று உறுதியாக நம்பியதால், விலங்கு பூட்டிய கைகளையும் அவரால் குவிக்க முடிந்தது. அடுத்த முறை அந்தப் பாதையில் போகும்போது, புலியூர்க்குறிச்சியில் ஒரு நிமிஷம் இறங்கிப் பாருங்கள்.