டாப்ளர் ஸ்கேன் தெரியும்... யார் அந்த டாப்ளர்?

அரியலூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸின் ஹாரனைக் கவனிச்சிருக்கீங்களா? நெருங்கும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், தாண்டிய நொடியே சுருதி இறங்கிவிடும். பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. அங்கே பஸ் ஹாரனை வைத்துப் பார்த்துக்கலாம்.

சர்க்கரை நோயாளியின் காலில் ரத்தம் ஓடுதா என்று பார்க்கும் கையடக்க டாப்ளர் கருவியும் இதே கணக்குதான். ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் அல்ட்ராசவுண்டின் அலைவெண் எவ்வளவு மாறுது என்பதிலிருந்து வேகம் தெரியும்.

இதைக் கண்டுபிடித்த கிறிஸ்டியன் டாப்ளர், 1803-ல் இன்றைய ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். கல் கொத்தும் குடும்பம். இவருக்கோ நோஞ்சான் உடம்பு, உளி பிடிக்க முடியாது. அதனால் படிப்பு. படித்தும் சரியான வேலை அமையல. பஞ்சாலையில் கணக்கு எழுதினார். வெறுத்துப்போய் அமெரிக்கா கிளம்ப உடைமைகளை விற்றுக்கொண்டிருந்தபோதுதான், 1835-ல் பிராகாவில் ஆசிரியர் வேலை வந்தது.

1842 மே 25 அன்று, அதே ஊரில் தன் கோட்பாட்டை முன்வைத்தார். இரட்டை நட்சத்திரங்களின் நிறம் மாறித் தெரிய அவற்றின் வேகமே காரணம் என்றார். கணக்கு சரி, ஆனா நட்சத்திர நிறத்துக்கு அவர் சொன்ன விளக்கம் தப்பு!

நெதர்லாந்து விஞ்ஞானி பைஸ் பாலட் இதை நம்பல. 1845-ல் உட்ரெக்ட் அருகே ரயிலில் டிரம்பெட் வாசிப்பவர்களை ஏற்றி ஓடவிட்டார். சுருதி மாறுவதைக் காதாலேயே பிடிக்கும் இசைக் கலைஞர்களைத் தண்டவாளம் ஓரம் நிறுத்தினார். சுருதி மாறியது. ஒலி விஷயத்தில் டாப்ளர் ஜெயிச்சார். நட்சத்திர விஷயத்தை பாலட் கடைசிவரை ஏற்கல. எனக்கு இந்தச் சந்தேகப் பேர்வழியைத்தான் ரொம்பப் பிடிச்சது.

1850-ல் வியன்னா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் நிறுவனத் தலைவரானார் டாப்ளர். அங்கே அவரிடம் படித்த மாணவர்களில் மரபியலின் மெண்டலும் ஒருவர். நுரையீரல் நோய் முற்றி, 1853 மார்ச்சில் வெனிஸில் இறந்தார். வயது 49. அல்ட்ராசவுண்ட் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. 1950-களில் ஜப்பானின் சடோமுராதான் இந்தத் தத்துவத்தை இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் கொண்டுவந்தார்.

இப்போ நம்ம ஊர் விஷயம். டாப்ளர் கருவி சொல்லும் வேகம், குழாய்க்கும் ஒலிக்கற்றைக்கும் நடுவே உள்ள கோணத்தைப் பொறுத்தது. உண்மையான கோணம் 60 டிகிரி, நாம 65 என்று எடுத்துக்கிட்டா வேகம் சுமார் 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். வெறும் 5 டிகிரிதான்!

சென்னை ஐஐடியில் உருவான ஆர்ட்சென்ஸ், கழுத்து ரத்தக் குழாயின் விறைப்பை அளக்கும் கையடக்கக் கருவி. அது நம்புவது டாப்ளரை இல்லை, எதிரொலியை. ஆனாலும் பெரிய இமேஜிங் கருவியின் அளவோடு ஒப்பிட்டுத்தான் அதையும் சோதித்தார்கள். பெரம்பலூர், அரியலூர் கிராம முகாமுக்கு இப்படி எந்தக் கருவி வந்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: ஒரே நர்ஸ் இரண்டு முறை அளந்தால் ஒரே எண் வருதா? வேறொரு நர்ஸ் அளந்தால்?