காயிதே மில்லத் அவர்களின் வாழ்வும் வபாத்தும்

மௌத்து வராத வீடு உலகில் இல்லை. அது வந்த வீட்டில் அழுகை எழுவதும் இயற்கையே. அழவே கூடாது என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்கள் பால்குடி வயதில் வபாத்தானபோது, நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கண்கள் நீர் சொரிந்தன. ஆனால், இறைவனுக்குப் பொருந்தாத சொல் எதையும் அவர்களின் நாவு மொழியவில்லை. அன்று சூரிய கிரகணமும் பிடித்தது. அக்குழந்தைக்காகவே சூரியன் ஒளி இழந்தது என்று மக்கள் பேசத் தலைப்பட்டார்கள். எவருடைய மரணத்திற்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் உடனே திருத்தினார்கள். துக்கத்தின் நடுவிலும் உண்மை தவறக் கூடாது என்பது இதில் உள்ள படிப்பினை.

துக்கத்திற்கு ஷரீஅத் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. உற்றார் உறவினருக்கு மூன்று நாள். கணவனை இழந்த மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. அதற்குப் பிறகு என்ன? மறைந்தவரை மறந்துவிடுவதா? ஆண்டுதோறும் விழா எடுத்துக் கொண்டாடுவதா? இந்தக் கேள்விக்கு, நம் தமிழகத்தில் வாழ்ந்து மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் (ரஹ்) அவர்களின் வரலாறு தக்க விடை தருகிறது.

தந்தையை இழந்த சிறுவர்

இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலியைச் சேர்ந்த பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் ஜவுளி வணிகர்; மார்க்கக் கல்வியிலும் தேர்ந்தவர். அவர் காலமானபோது இஸ்மாயில் சாகிப் சிறுவர். அன்னையார் முஹையதீன் பாத்திமா அவர்களே மகனுக்கு அரபு மொழியையும் மார்க்க அறிவையும் ஊட்டி வளர்த்தார்கள்.

துக்க வீட்டின் முதல் கடமை எது என்பதை இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மையித்தை அடக்கிய பின், இறந்தவரின் கடனை அடைக்க வேண்டும். வஸிய்யத்தை நிறைவேற்ற வேண்டும். எஞ்சியதை வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும். பருவம் அடையாத யத்தீமின் பங்கில் ஒரு காசைக்கூட எடுத்து ஊருக்கு விருந்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை. மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பாத்திஹா பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஆனால் யத்தீமின் பொருளில் சோறு ஆக்கிப் போடுவதை எவரும் ஆகுமாக்கியதில்லை. தந்தை இறந்த வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்வதே அத்தந்தைக்குச் செய்யும் பெரிய மரியாதை. பேட்டையில் அந்த அன்னை செய்ததும் அதுதான். அதன் பலனைச் சமுதாயம் முழுவதும் அனுபவித்தது.

1909இல், தமது பதின்மூன்றாம் வயதிலேயே, சொந்த ஊரில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள் இஸ்மாயில் சாகிப். 1918இல் மஜ்லிஸுல் உலமா அமையவும் காரணமாக இருந்தார்கள். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டப் படிப்பைத் துறந்தார்கள். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு நற்பெயர் பெற்றார்கள்.

சமுதாயமே துக்கத்தில் இருந்த வேளை

1947இல் நாடு விடுதலை பெற்றது. கூடவே பிரிவினையும் நேர்ந்தது. குடும்பங்கள் பிரிந்தன, உயிர்கள் பலியாயின. இந்திய முஸ்லிம் சமுதாயமே ஒரு மையித்து வீடு போல் இருந்த காலம் அது. முஸ்லிம் லீகைக் கலைத்துவிட வேண்டும் என்று பலர் வற்புறுத்தினார்கள். இஸ்மாயில் சாகிப் அவர்களோ போனதை எண்ணிப் புலம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி ஹால் என்று வழங்கும் சென்னை மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அன்று உதயமாயிற்று. அதன் முதல் தலைவரும் அன்னாரே.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அவர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதே அதன் சாரம். நம் வீட்டில் ஒருவர் மௌத்தானால் விதவை இருக்கும் இத்தாவும், பிள்ளைகள் பெறும் பாகப் பிரிவினையும் இந்தத் தனியார் சட்டத்தில் அடங்கியவை அல்லவா? திருத்தம் ஏற்கப்படவில்லை, ஆயினும் அவர்கள் மனம் தளரவில்லை. 1949இல் ஆட்சிமொழி விவாதத்தில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்து அதற்காக வாதாடினார்கள். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். பிறகு மாநிலங்களவை உறுப்பினர். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து மக்களவை உறுப்பினர். இத்தனை பதவிகளுக்குப் பின்னும் குரோம்பேட்டையில் எளிய வாழ்க்கையே வாழ்ந்தார்கள். சீனப் போரின்போது தம் ஒரே மகனை நாட்டுக்காக இராணுவத்தில் சேர்க்க முன்வந்தவர்கள் அவர்கள்.

கல்விக்கும் தொண்டாற்றினார்கள். சென்னை இராயப்பேட்டையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் 1951இல் தோன்றின. முஸ்லிம் வள்ளல்கள் பலர் கூடி ஊர் ஊராகக் கல்லூரி எழுப்பிய காலம் அது. இவை தனி ஒருவரின் சாதனை அல்ல. ஆனால் செல்வர்களின் பணப்பையைக் கல்வியின் பக்கம் திருப்பியதில் காயிதே மில்லத் அவர்களின் சொல்லுக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டு தேதிகள்

1972 ஏப்ரல் 5 அன்று, எழுபத்தைந்தாம் வயதில், சென்னையில் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கட்சி, சமயம் பாராமல் மக்கள் திரண்டு வந்து கண்ணீர் விட்டார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்டது. நவாப் வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் கருங்கல்லால் எழுப்பிய பள்ளி அது. பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்களும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 5 மறைந்த நாள். ஜூன் 5 பிறந்த நாள். ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று தமிழக அரசின் சார்பில் அவர்களின் கப்ரில் மலர்ப் போர்வை போர்த்தி மரியாதை செலுத்துகிறார்கள். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை அவர்களின் பெயர் தாங்கி நிற்கிறது. நூற்றாண்டான 1996இல் தபால்தலை வெளிவந்தது. பிற சமயத்தவரும் நம் தலைவரை மதிப்பது கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம். காலையில் போர்த்திய பூ மஃரிபுக்குள் வாடிவிடுகிறது. கப்ருக்குள் இருப்பவருக்குப் போய்ச் சேருவது எது?

மனிதன் இறந்ததும் அவன் அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலைத்து நிற்கும் தருமம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் நிற்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். 1974இல் அண்ணா சாலையில் அவர்கள் பெயரால் அமைந்த அரசு மகளிர் கல்லூரியில் ஓர் ஏழைப் பெண் பட்டம் பெறும்போது அப்பெயருக்கு உரிய கண்ணியம் நிறைவேறுகிறது. அவர்கள் ஊக்குவித்த கல்லூரிகளில் ஒரு மாணவன் கற்கும் கல்வியின் நன்மை, இன்ஷா அல்லாஹ், அவர்களையும் சென்றடையும். ஒப்பாரியால் ஆகாதது இது. மேடைப் புகழுரையாலும் ஆகாதது.

நம் வீடுகளுக்கும் இதுவே வழி. இராயப்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழும் அன்பர்கள் வாலாஜா பள்ளிக்குத் தொழச் சென்றால் அந்தக் கப்ரருகே நின்று ஸலாம் சொல்லி, பாத்திஹா ஓதி, துஆச் செய்துவிட்டு வரலாம். அதற்குக் குறிப்பிட்ட தேதி வேண்டியதில்லை. உங்கள் தாயோ தந்தையோ மறைந்த நாள் வரும்போது, அவர்கள் பெயரால் ஒரு யத்தீமின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுங்கள். அவர்களின் நண்பர்களைத் தேடிச் சென்று நலம் விசாரியுங்கள். அவர்கள் பட்ட கடன் ஏதும் நிலுவையில் இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். அவர்களின் நல்ல குணங்களைப் பேரப் பிள்ளைகளுக்கு உள்ளபடி சொல்லுங்கள். இல்லாததைக் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

கண்ணீருக்கு எல்லை உண்டு. நன்மைக்கு எல்லை இல்லை. காயிதே மில்லத் அவர்களுக்கும் நம்மை முந்திச் சென்ற முஃமின்கள் அனைவருக்கும் அல்லாஹ் மக்ஃபிரத் அருள்வானாக! அவர்கள் விட்டுச் சென்ற நற்பணிகளைத் தொடரும் தவ்பீக்கை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.