பூஞ்சைகளுக்கு உயிர்க் கருவூலம் அமைத்த யோஹன்னா வெஸ்டர்டைக்: நெதர்லாந்தின் முதல் பெண் பேராசிரியரின் வாழ்க்கை

உலகின் மிகப் பெரிய உயிருள்ள பூஞ்சைச் சேகரிப்புகளில் ஒன்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உள்ளது. அதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாதிரிகள் பேணப்படுகின்றன. சுமார் 80 மாதிரிகளுடன் கைக்கு வந்த அச்சேகரிப்பை அரை நூற்றாண்டு காலம் வளர்த்தெடுத்தவர் தாவர நோயியல் அறிஞர் யோஹன்னா வெஸ்டர்டைக்.

1883-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் அருகே பிறந்த அவர், 1906-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், 23 வயதிலேயே, ஆம்ஸ்டர்டாமில் இருந்த வில்லி கொம்மெலின் ஸ்கோல்டன் தாவர நோயியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். சர்வதேசத் தாவரவியலாளர் சங்கத்தின் பூஞ்சைச் சேகரிப்பு 1907-இல் அவரது பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

உலர்த்திய தாவரத்தைத் தாளில் ஒட்டி நூறாண்டு வைத்திருக்கலாம்; உயிருள்ள பூஞ்சையை அவ்வாறு வைக்க இயலாது. சோதனைக் குழாயில் உள்ள உணவு தீருமுன் அதைப் புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். தவறினால் பூஞ்சை மடியும். வேற்றுக் கிருமி புகுந்தால் மாதிரி பயனற்றுப்போகும். உறைய வைத்து உலர்த்தும் முறையும் திரவ நைட்ரஜனும் பரவலாகாத அக்காலத்தில், ஆயிரக்கணக்கான குழாய்களை இவ்வாறு காப்பது ஓயாத உழைப்பைக் கோரியது.

1917-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்ற அவர், நெதர்லாந்தின் முதல் பெண் பேராசிரியர் என்ற பெருமையைப் பெற்றார். சில ஆண்டுகளில் ஆய்வகமும் சேகரிப்பும் பார்ன் நகருக்கு இடம்பெயர்ந்தன. அவரது வழிகாட்டுதலில் 56 பேர் முனைவர் பட்டம் பெற்றனர்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள்.

அக்காலத்தில் ஐரோப்பாவின் எல்ம் மரங்கள் கொத்துக் கொத்தாகப் பட்டுப்போயின. அதற்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று அவரது மாணவி பியா ஷ்வார்ஸ் 1922-இல் அறிவித்தார். அம்முடிவை அறிஞர் பலர் ஏற்கவில்லை. பின்னர் கிறிஸ்டின் பாய்ஸ்மான் நலமான மரங்களில் அப்பூஞ்சையைச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினார். நோய்க்கிருமியை ஆய்வகத்தில் உயிருடன் வளர்த்து வைத்திருந்ததாலேயே இச்சோதனை சாத்தியமாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் டெல்ஃப்ட் நகர ஈஸ்ட் ஆலையின் ஆய்வாளர்கள் ரகசியமாகப் பெனிசிலின் தயாரிக்க முயன்றனர். பார்ன் சேகரிப்பிலிருந்து பெற்ற பூஞ்சைகளே அவர்களுக்குக் கைகொடுத்தன. உடனடிப் பயன் கருதாமல் காத்து வைத்த மாதிரிகள் உயிர்காக்கும் மருந்துக்கு வழிவகுத்தன.

1952-இல் ஓய்வுபெற்ற வெஸ்டர்டைக், 1961-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி காலமானார். அவர் வளர்த்த நிறுவனத்துக்கு 2017-இல் அவரது பெயரே சூட்டப்பட்டது. இந்தியாவில் புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேகரிப்பும் இத்தகைய பணியையே மேற்கொண்டு வருகிறது.