42ஆம் இலக்கம்: ஜாக்கி ரொபின்சன் வரலாறு

பெருமைமிக்க வீரரொருவர் களத்தை விட்டு நீங்கியபின், அவர் அணிந்த சட்டையின் இலக்கத்தைப் பிறர்க்கு வழங்காது ஒதுக்கிவைத்தல் அமெரிக்க விளையாட்டுக் கழகங்களின் வழக்கம். நியூ யோர்க் யாங்கீஸ் என்னும் பேஸ்போல் கழகம், நோயுற்று விலகிய லூ கெரிக் என்பாரின் 4ஆம் இலக்கத்தை 1939இல் இவ்வாறு ஒதுக்கியது. காலப்போக்கில் 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் யாவும் அங்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. புதிதாய்ச் சேரும் இளைஞர்க்கு அவற்றுள் ஒன்றேனும் கிட்டாது. இவ்வழக்கம் தக்கதோ என ஆராய்வார்க்கு ஜாக்கி ரொபின்சனின் வாழ்க்கை நல்லதோர் உரைகல்லாகும்.

அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த கறுப்பினக் குடும்பமொன்றில், 1919 சனவரி 31இல், ஜோர்ஜியா மாநிலத்துக் கெய்ரோ என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை குடும்பத்தைக் கைவிட்டகலவே, தாயார் ஐந்து மக்களுடன் கலிபோர்னியா சென்று, பிறர் வீடுகளில் ஊழியஞ்செய்து அவர்களை வளர்த்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திற் பேஸ்போல், கூடைப்பந்து, அமெரிக்க உதைபந்து, மெய்வல்லுநர் போட்டி ஆகிய நான்கிலும் சிறந்து விளங்கினார். இராணுவத்தில் அதிகாரியாயிருந்தபோது, 1944இல், பஸ் வண்டியின் பின்புறஞ் செல்லுமாறு சாரதி பணிக்க, அவர் மறுத்தார். அதன் விளைவாக இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

அந்நாளிற் பேஸ்போற் பெருங்கழகங்களின் கதவு கறுப்பினத்தவர்க்கு அடைபட்டிருந்தது. எழுதிய சட்டம் ஏதுமின்றியே ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, 1945இல் ரொபின்சனைத் தெரிந்தெடுத்தார். எத்துணை இழிவுரை கேட்பினும் எதிர்த்தெழாது பொறுத்தல் வேண்டுமென நிபந்தனையும் விதித்தார். 1947 ஏப்ரல் 15இல், 42ஆம் இலக்கச் சட்டையுடன் ரொபின்சன் களம் புகுந்தார். வசைமொழிகளும் கொலைமிரட்டற் கடிதங்களும் அவரைத் தொடர்ந்தன. அவரோ ஆட்டத்தாலேயே விடையிறுத்தார். அவ்வாண்டே சிறந்த புதுமுக வீரராகவும், 1949இல் தம் லீக்கின் தலைசிறந்த வீரராகவும் தெரிவானார். 1955இல் டொட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத்தொடரை வென்றபோது அவரும் அவ்வணியில் இருந்தார். 1956உடன் அவரது ஆட்டவாழ்வு நிறைவுற்றது.

நிற்க. 1972 யூன் மாதத்தில் டொட்ஜர்ஸ் கழகம் 42ஐ ஒதுக்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில், நீரிழிவாற் பார்வை மங்கிய நிலையில், உலகத்தொடர் அரங்கிலே அவர் கௌரவிக்கப்பட்டார். அப்போதும் அவர் நன்றி கூறியதோடு அமையவில்லை. கறுப்பினத்தவரொருவர் அணியின் முகாமையாளராதலைக் காணவே தாம் விழைவதாக வெளிப்படக் கூறினார். ஒன்பது நாட்களில், 53ஆம் வயதில், மறைந்தார். அவ்விருப்பம் 1975இல், கிளீவ்லண்ட் அணியைப் பிராங்க் ரொபின்சன் ஏற்றபோதுதான் நிறைவேறிற்று.

1997இல் பெருங்கழகங்கள் அனைத்தும் 42ஐ ஒதுக்கின. முன்னரே அதனை அணிந்திருந்தோர் மட்டுந் தொடர்ந்தனர். அவருள் இறுதியானவரான மரியானோ ரிவேரா 2013இல் ஓய்வுபெற்றார். எனினும் 2009 முதல், ஆண்டுக்கொருமுறை ரொபின்சன் நினைவாக, எல்லா வீரரும் அவ்விலக்கத்தையே அணிந்து ஆடுகின்றனர்.

இம்முறையே எமக்கு உவப்பாயுள்ளது. பிறர்க்கு அடைத்த கதவைத் திறந்தவரின் இலக்கத்தை எவர்க்குமே ஆகாதெனப் பூட்டிவைத்தல் அவர் வாழ்வோடு முரணுவதன்றோ? இலக்கங்களை வரையறையின்றி ஒதுக்கிச் செல்வதினும், அவற்றின் வரலாற்றை எடுத்துரைத்து இளையோர் கையில் ஒப்படைத்தலே மேலென்பது எம் கருத்து. சட்டையைப் போற்றுதல் எவர்க்கும் எளிது. அதை அணிந்தவர் இறுதிவரை வேண்டிநின்றதை நிறைவேற்றுதலே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை. எம் கல்லூரி மைதானத்தில் ஆடும் இளைஞர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.