ரஹீம் சாகிப் போட்ட வியூகம்

வைகாசி கருட சேவை அன்று சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வாசலுக்குப் போயிருக்கிறீர்களா? கூட்டம் சுவர் மாதிரி நிற்கும். நேராக நடுவில் முட்டினால் நசுங்கித்தான் போவீர்கள். ஓரமாக நழுவி, எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்து நுழைய வேண்டும்.

கால்பந்திலும் இதே தொல்லை உண்டு. எதிரணி கோல் கம்பத்துக்கு முன்னால் சுவராக நின்றுகொண்டால் எப்படி உடைப்பது? அதற்கு வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர், ஹைதராபாத்தில் 1909ல் பிறந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பிறகு ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும், இந்திய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார். எல்லோருக்கும் அவர் 'ரஹீம் சாகிப்'.

அவர் நடத்திய போட்டிகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்றில், பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். இன்னொன்றில், பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது. வந்ததும் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். விளையாட்டாகத் தெரிகிறதா? இரண்டு காலும் பழகியவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தடுப்பவருக்குத் தெரியாது. பந்து கைமாறும் வேகத்துக்கு எந்தச் சுவரும் நகர முடியாது. போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இந்திய அணிக்கு அடியும் விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்! ஆனால் அடுத்த ஒலிம்பிக்கில், 1956ல் மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தது.

பின்னாளில் ரஹீம் கையாண்ட அமைப்பு 4-2-4. கூட்டினால் பத்துதானே வருகிறது என்கிறீர்களா? கோல்கீப்பரை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் ஆடி உலகப் புகழ் பெற்ற முறை இது. அக்காலத்தில் பல அணிகள் பின்னால் மூன்று பேரைத்தான் நிறுத்தின. முன்னேறும் நால்வரில் இருவர் இரண்டு ஓரங்களிலும் ஓடுவார்கள். அவர்களைப் பிடிக்க, தடுப்பவர்களில் இருவர் விலகிப் போவார்கள். நடுவில் மிஞ்சுவது ஒருவர். அவர் எதிரே இருவர்! யாரைப் பிடிப்பார்?

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு வருவோம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை வென்றார்கள். ஆனால் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு, ஆறு தையல் போட வேண்டியதாயிற்று.

தையல் போட்டவரை வீட்டில் என்ன செய்வார்கள்? படுக்க வைப்பார்கள். ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார்! தடுப்பவர் எப்படி யோசிப்பார் என்பது இன்னொரு தடுப்பவருக்குத் தெரியாதா? அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இந்தியா 3-2 என வென்றது.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரில் அதே தென் கொரியா. மைதானம் நிறைய, நம்மைப் பிடிக்காத கூட்டம். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். வலது ஓரத்தில் பி.கே. பானர்ஜி, இடது ஓரத்தில் துளசிதாஸ் பலராம், நடுவே அணித்தலைவர் சுனி கோஸ்வாமி, அவரோடு தலையில் கட்டுடன் ஜர்னைல். 17வது நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல், 20வது நிமிடத்தில் ஜர்னைல் ஒரு கோல். கொரியா கடைசியில் ஒன்றுதான் திருப்ப முடிந்தது. 2-1, தங்கம்!

அப்போதே ரஹீம் சாகிப்பின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் மாதம் அவர் காலமானார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இன்னும் தங்கம் வாங்கவில்லை.